கீரைத் தண்ணீரைக் கோதுமை குடிக்கட்டும்: எபிரஸ் மலைநாட்டுக் கீரைப் பிட்டா

கீரையும் சீஸும் உள்ளே வைத்துச் சுட்ட பிட்டாவை மேலே பார்த்து எடை போட முடியாது. மேல்மாவு எப்படியும் பொன்னிறமாகி ஓரம் முறுகிவிடும். ஒரு துண்டை வெட்டித் தூக்கும்போதுதான் குட்டு வெளிப்படும். அடிமாவு வெளுத்துப்போய், பிசுபிசுத்து, பாதி தட்டிலேயே ஒட்டிக்கொண்டால் மாவு நனைந்துவிட்டது. மேலும் பதினைந்து நிமிடம் அடுப்பில் வைத்தாலும் அது தேறாது. மேல்பாகம் கருகுவதுதான் மிச்சம்.

பாலக் மாதிரிக் கீரையில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீர். 800 கிராம் கீரை என்றால் 700 மில்லிக்கு மேற்பட்ட தண்ணீரை ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள மாவுக்குள் வைத்து மூடுகிறோம் என்று கணக்கு. அந்தத் தண்ணீர் வெளியேற மூன்று வழிகள்தான் உண்டு. முன்கூட்டியே பிழிந்து எடுக்கலாம். மேல்மாவில் போட்ட கீறல் வழியாக ஆவியாகப் போகலாம். உள்ளே இருக்கும் தானியம் குடிக்கலாம். இந்த மூன்றிலும் அடங்காதது அடிமாவில் இறங்கும். கீரைப் பிட்டாவில் உடைத்த கோதுமை போடுவது நார்ச்சத்துக்காக என்று இன்றைய குறிப்புகள் எழுதுகின்றன. நார்ச்சத்து கிடைப்பது நல்லதுதான். ஆனால் அதைப் போட்டவர்கள் போட்டது தண்ணீருக்காக. தானியத்தைக் குறைத்துவிட்டு மற்றதை அப்படியே செய்தால் ஏன் சொதப்புகிறது என்பது இதிலிருந்து புரியும்.

பிட்டா என்று இங்கே சொல்வது ஹம்முஸ் தொட்டுச் சாப்பிடும் ரொட்டியை அல்ல. கிரேக்க வீடுகளில் மெல்லிய மாவுத் தகடுகளுக்கு நடுவே எதை வைத்துச் சுட்டாலும் அதுவும் பிட்டாதான். அந்தப் பலகாரத்துக்குக் கிரேக்கர்களே முதலில் கைகாட்டும் ஊர்ப்பக்கம் எபிரஸ். நாட்டின் வடமேற்கு மூலை, பிண்டஸ் மலைத்தொடரிலிருந்து அயோனியன் கடல் வரை, வடக்கே அல்பேனிய எல்லை. பெரிய நகரம் யோவன்னினா. அதற்கு வடக்கே ஸகோரி மலைக் கிராமங்கள், கல் வீடும் வளைவான கல் பாலமுமாக இருப்பவை, 2023ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. மலையில் விளையும் தானியம் கொஞ்சம்தான். மேய்ச்சல் நிலம் ஏராளம், காட்டுக்கீரை காசில்லாமல் கிடைக்கும். ஆகவே கொஞ்சம் மாவு, நிறையக் கீரை, கையில் இருக்கும் ஆட்டுப்பால் சீஸ். கோடையில் மந்தையோடு மலையேறி, குளிர்காலத்தில் சமவெளிக்கு இறங்கிய சரக்காட்சானி இடையர்களுக்கும் விளாக்குகளுக்கும் இது வழியில் எடுத்துப்போகத் தோதான சாப்பாடு.

அவர்களிடம் அறை மாதிரி மூடிய அடுப்பு கிடையாது. காஸ்த்ரா என்ற குவிந்த இரும்பு மூடிதான். தரையில் தீ மூட்டி, கல் சூடேறியதும் தணலை ஒதுக்கி, தட்டை வைத்து, மேலே மூடியைக் கவிழ்த்து, அதன்மேல் தணலும் சாம்பலும் குவிப்பார்கள். சூடு முதலில் கீழிருந்து தாக்கும். நம் வீட்டு ஓடிஜி மின்னடுப்பில் பிட்டா சுடும்போதும் இதையேதான் செய்து காட்ட வேண்டியிருக்கிறது. அடுப்புப் பக்கம் வரும்போது பார்க்கலாம்.

முதலில் அளவு. 30 செ.மீ. அகலம், 3 செ.மீ. உயரமுள்ள வட்டத் தட்டுக்கு, ஆய்ந்து தண்டு நீக்கிய கீரை 800 கிராம். வெங்காயத்தாள் 150 கிராம். சதகுப்பைக் கீரை ஒரு சிறு கட்டு, ஏறத்தாழ 30 கிராம். ஃபெட்டா சீஸ் 250 கிராம். புல்கர் (வேகவைத்துக் காயவைத்து உடைத்த கோதுமை) அல்லது கோதுமை ரவை 80 கிராம். ஆலிவ் எண்ணெய் உள்ளுக்கு 3 மேசைக்கரண்டி, தடவ 5 மேசைக்கரண்டி. மிளகுத்தூள் அரை டீஸ்பூன். மாவுக்கு 180 கிராம் ஆட்டாவும் 120 கிராம் மைதாவும். வீட்டில் இருப்பது சின்ன ஓடிஜி என்றால் 24 செ.மீ. தட்டு எடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் மூன்றில் இரண்டு பங்காக்கினால் சரியாக வரும். தட்டு மெல்லிய அலுமினியமாகவோ இரும்பாகவோ இருக்கட்டும். கண்ணாடிப் பாத்திரம் சூடேறத் தாமதமாகும். அது சூடேறுவதற்குள் அடிமாவு நனைந்துவிடும்.

எபிரஸில் கீரை என்றால் ஒரே கீரை அல்ல. வசந்த காலத்தில் காஞ்சொறி வகைத் தளிர், டேன்டிலியன், சார்டு, புளிப்புக்கு ஒரு கீரை, மணத்துக்குச் சோம்புத்தழை என்று பத்து வகை கலந்துகொள்வார்கள். கணக்கு என்னவென்றால் பெரும்பங்கு சாதுவான கீரை, கொஞ்சம் கசப்பு, கொஞ்சம் புளிப்பு, ஒரு கைப்பிடி வாசனை. தமிழ்நாட்டுச் சந்தையில் இந்தக் கணக்கை அப்படியே போடலாம். பாலக் 500 கிராம், சிறுகீரை 200, புளிச்சக்கீரை 50, வெந்தயக்கீரை 50. சிறுகீரையைப் போட்டால் கிரேக்கத்தன்மை போய்விடும் என்று யாரும் பதற வேண்டாம். அதே தண்டுக்கீரைக் குடும்பத்துச் செடியை கிரேக்கர்கள் வ்லீத்தா என்ற பெயரில் கோடை முழுக்க வேகவைத்துத் தின்கிறார்கள். சதகுப்பை கிடைக்காத ஊரில் புதினா போடலாம், அதுவும் அங்கே பழக்கத்தில் உள்ளதுதான். கொத்தமல்லித்தழை வேண்டாம், ஃபெட்டாவோடு அது சண்டை போடும்.

தவிர்க்க வேண்டியவையும் உண்டு. கொடிப்பசலை வழவழப்பானது, எவ்வளவு பிழிந்தாலும் தண்ணீரை விடாது, சூடு ஏறியபின் மெதுவாகக் கசியவிடும். பருப்புக்கீரையிலும் அந்த வழவழப்பு உண்டு, ஒரு கைப்பிடிக்கு மேல் போக வேண்டாம். முருங்கைக்கீரை நேர்மாறு. பிழியத் தண்ணீரும் வராது, அடுப்பில் மெத்தென்று ஆகவும் ஆகாது, பல்லில் காய்ந்த இலையாக நெருடும். வெந்தயக்கீரை 50 கிராமைத் தாண்டினால் மற்ற எதுவும் நாக்கில் தெரியாது.

கீரையைக் கழுவியபின் துணியில் பரப்பி ஒரு மணி நேரமாவது உலரவிடுங்கள். இலைமேல் ஒட்டிய ஈரம் கீரைக்குள் இருக்கும் தண்ணீரோடு சேர்ந்தால் கணக்கு கைமீறும். பிறகு ஒரு விரல் அகலத்துக்கு அரிந்து, ஒரு டீஸ்பூன் உப்புத் தூவி, கோஸ் பொரியலுக்குக் கசக்குவதைவிடக் கொஞ்சம் முரட்டுத்தனமாகக் கசக்கி, 20 நிமிடம் வடிதட்டில் வைக்கவும். அண்டா நிறைய இருந்த கீரை நான்கில் ஒரு பங்காகச் சுருங்கியிருக்கும். மெல்லிய பருத்தித் துணியில் கைப்பிடி கைப்பிடியாக எடுத்து முறுக்கிப் பிழிந்தால் கரும்பச்சைச் சாறு ஒரு டம்ளருக்கு மேல் வர வேண்டும். வராவிட்டால் உப்பு போதவில்லை, அல்லது கை போதவில்லை. போட்ட உப்பில் பெரும்பாதி அந்தச் சாறோடு போய்விடுவதால் உப்புக் கரிக்கும் என்ற கவலை வேண்டாம். ஆனால் பிழிந்த பிறகு உப்பு சேர்க்காதீர்கள். 250 கிராம் ஃபெட்டாவிலேயே ஏறத்தாழ ஒரு டீஸ்பூன் உப்பு இருக்கிறது.

கீரையை வதக்கிப் போடுகிற முறையும் உண்டு. முற்றிய கீரைக்கு அது பரவாயில்லை. இளங்கீரையை வதக்கினால் அடுப்பில் ஒரு முறை, பிட்டாவில் ஒரு முறை என்று இரண்டு தடவை வெந்து கூழாகிறது. பச்சையாகப் பிழிந்த கீரையில் இலை இலையாகப் பிரிந்து நிற்கும் ஒரு தன்மை இருக்கும். அதற்காகவே பிழிகிற சிரமத்தைப் படலாம்.

இனி தானியம். இங்கேதான் நம்மூரில் பலரும் வழுக்குகிறார்கள். புல்கரும் நம் கோதுமை ரவையும் பார்க்க ஒன்றுபோல இருக்கும், நடத்தை வேறு. புல்கர் கோதுமையை வேகவைத்து, காயவைத்து, பிறகு உடைத்தது. நம் புழுங்கலரிசி வழி. வெந்நீரில் ஊறினாலே தின்னும் பதத்துக்கு வந்துவிடும். சம்பா கோதுமை ரவை பச்சைக் கோதுமையை உடைத்தது. அதை ஊறவைத்து மட்டும் போட்டால் ஒரு மணி நேரம் சுட்டபிறகும் நடுவில் மாவுத்தன்மையோடு கடுக்கென்று நிற்கும்.

புல்கர் என்றால் பெருங்குருணையாக 80 கிராம் எடுத்து, 60 மில்லி கொதிநீர் விட்டு, 15 நிமிடம் மூடி வையுங்கள். அது தன் எடையைப்போல் இரண்டு மடங்கு தண்ணீர் குடிக்கக் கூடியது. நாம் கொடுத்தது அதற்கும் குறைவு. பாதி தாகத்தோடு உள்ளே போனால்தான் மிச்சத்தைக் கீரையிடமிருந்து உறிஞ்சும். முழுக்க வேகவைத்த தானியத்தைப் போட்டால் அது குடிப்பதற்குப் பதிலாகத் தன் தண்ணீரையும் சேர்த்து விடும். சம்பா ரவை என்றால் எண்ணெய் இல்லாமல் லேசாக வறுத்து, 140 மில்லி தண்ணீரில் எட்டு நிமிடம் வேகவைத்து, முக்கால் பதத்தில் இறக்கி, தாம்பாளத்தில் பரப்பி ஆறவிட வேண்டும். குருணை ஒன்றோடொன்று ஒட்டாமல் உதிர வேண்டும். நசுக்கிப் பார்த்தால் நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி தெரிய வேண்டும்.

எபிரஸிலும் தெசலியிலும் த்ராஹனா என்ற சரக்கையும் போடுவார்கள். உடைத்த கோதுமையைப் பாலிலோ புளித்த பாலிலோ வேகவைத்துக் கோடை வெயிலில் உதிர்த்துக் காயவைத்தது. புளித்த வகையைக் கீரைப் பிட்டாவில் போட்டால் தண்ணீரையும் குடிக்கும், லேசான மோர்ப்புளிப்பையும் தரும். அந்தப் புளிப்பு வேண்டுமானால் சம்பா ரவையை வேகவைக்கும் தண்ணீரில் பாதிக்குப் பதில் புளித்த மோர் விடலாம். ருசி அந்தப் பக்கம் சாய்கிறது. சிறுதானியத்தில் தினையும் குதிரைவாலியும் அரைவேக்காட்டில் ஒத்துவரும். ஓட்ஸ் வேண்டாம், பசையாகிவிடும்.

சீஸ் விஷயத்தில் கொஞ்சம் சட்டம் பேச வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அது அடிமாவு வரை வந்து தொடும். ஃபெட்டா என்ற பெயர் 2002லிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் புவிசார் பாதுகாப்புப் பெற்றது. 2005ல் ஐரோப்பிய நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அதன்படி குறைந்தது 70 சதவீதம் செம்மறியாட்டுப் பால், மீதி அதிகபட்சம் 30 சதவீதம் வெள்ளாட்டுப் பால். இரண்டு மாதமாவது உப்புநீரில் பழுக்க வேண்டும். ஈரப்பதம் 56 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. எபிரஸ் இதற்கென வரையறுத்த பகுதிகளில் ஒன்று. பசும்பாலில் இந்தப் பாணியில் செய்து டப்பாவில் வருபவை பெரும்பாலும் வழுவழுப்பாக, கத்தியில் ஒட்டும். அவற்றில் தண்ணீர் கூடுதல். பிட்டாவில் போட்டால் உதிரிக் கட்டிகளாக நிற்காமல் கீரையோடு கரைந்து வெள்ளைக் குழம்பாகும். அதுதான் கிடைக்கிறது என்றால் துணியில் கட்டி இரண்டு மணி நேரம் தொங்கவிட்டுப் பிறகு போடுங்கள்.

நல்ல ஃபெட்டா அடுப்பில் உருகி ஓடாது. பழுக்கும்போது உண்டாகும் புளிப்பு, பால் புரதத்தைப் பிணைத்திருக்கும் கால்சியத்தைக் கரைத்துவிடுகிறது. அதனால் புரதம் இழுபடும் தன்மையை இழந்து, சூட்டில் மெதுவாக இளகி அந்த இடத்திலேயே இருக்கும். பீட்சாவுக்குப் போடும் மொசரெல்லாவை இங்கே போடுவது வீண். அது எண்ணெயும் தண்ணீருமாகப் பிரிந்து கீழே இறங்கும்.

சைவம் பார்ப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று: பாரம்பரிய முறையில் செய்த ஃபெட்டாவில் கன்று, ஆட்டுக்குட்டி இரைப்பையிலிருந்து எடுத்த, பாலைத் திரிய வைக்கும் ரென்னெட் சேர்ந்திருக்கும். இந்தியாவில் விற்கும் பொட்டலத்தில் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இல்லாவிட்டால் பன்னீரை வைத்தே ஒப்பேற்றலாம். 200 கிராம் பன்னீரைக் கையால் பெரிய உதிரியாக உதிர்த்து, தண்ணீர் வடித்த கெட்டித் தயிர் 60 கிராம், உப்பு ஒரு டீஸ்பூன், எலுமிச்சைச் சாறு ஒரு மேசைக்கரண்டி கலந்து, ஒரு இரவு ஃபிரிட்ஜில் வையுங்கள். காலையில் அடியில் தேங்கும் தண்ணீரை வடித்துவிட வேண்டும். பன்னீரும் சூட்டில் உருகாத ரகம் என்பதால் அமைப்பில் ஃபெட்டாவுக்கு நெருக்கமாக வரும். செம்மறியாட்டுப் பாலின் வாடை வராது, அவ்வளவுதான்.

முட்டை? எபிரஸில் முட்டை சேர்ப்பவர்களும் உண்டு, சேர்க்காதவர்களும் உண்டு. இரண்டு முட்டை அடித்து ஊற்றினால் துண்டு வெட்டும்போது உள்ளடக்கம் சிதறாது. தானியம் ஒழுங்காக ஊறியிருந்தால் அந்த வேலையை அதுவே பார்க்கும், முட்டையில்லாமலே துண்டு நிற்கும். கீரையைச் சரியாகப் பிழியாமல், முட்டை பிடித்துக்கொள்ளும் என்று நம்பி ஊற்றுவது மட்டும் கூடாது. அதிகம் வெந்த முட்டை சுருங்கித் தன்னிடம் இருக்கும் நீரையும் வெளியே தள்ளும்.

மாவு

முழுக்கோதுமை மாவில் மெல்லிய தகடு தேய்ப்பது மைதாவில் தேய்ப்பதுபோல எளிதல்ல. தவிட்டுத் துணுக்குகள் மாவின் இழுவையை அங்கங்கே அறுக்கும். சக்கியில் அரைத்த நம் ஆட்டாவில் மாவுச்சத்து நொறுங்கியிருப்பதால் தண்ணீரும் கூடக் குடிக்கும். முழு ஆட்டாவில் செய்தால் சப்பாத்திக் கனத்துக்குக் கீழே போகும்போது கிழிகிறது. ஐந்தில் இரண்டு பங்கு மைதா கலந்தால் ஒரு மில்லிமீட்டர் வரை போகலாம். கோதுமை ருசியும் போகாது.

300 கிராம் மாவோடு ஒரு டீஸ்பூன் உப்பு, இரண்டு மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெய், ஒரு மேசைக்கரண்டி வினிகர் சேர்த்து, வெதுவெதுப்பான தண்ணீர் 165 மில்லியில் தொடங்கிப் பிசையுங்கள். ஆட்டாவைப் பொறுத்து 180 வரை போகும். வினிகர் மாவை விறைக்காமல் இழுபட வைக்கிறது, சுட்டபின் அதன் வாசனை இருக்காது. எட்டு நிமிடம் பிசைந்தபின் சப்பாத்தி மாவைவிட ஒரு பங்கு தளர்வாக இருக்கட்டும். எண்ணெய் தடவி மூடி ஒரு மணி நேரம் வையுங்கள். இந்த ஒரு மணி நேரத்தில் குறைக்க இடமில்லை. தவிடு ஊற அவ்வளவு நேரம் வேண்டும். அரை மணியில் எடுத்துத் தேய்த்தால் தகடு ரப்பராகச் சுருங்கித் திரும்பும்.

மாவை நான்காகப் பிரிக்கவும், அடிக்கு 150 கிராம் வீதம் இரண்டு, மேலுக்கு 110 கிராம் வீதம் இரண்டு. அடித் தகடு 40 செ.மீ., மேல் தகடு 34 செ.மீ. அகலத்துக்கு விரிய வேண்டும். எபிரஸ் பெண்கள் இதற்கு விரல் கனமுள்ள நீளக் குச்சியை வைத்திருப்பார்கள். மாவைக் குச்சியில் சுற்றிக்கொண்டு, உள்ளங்கைகளை நடுவிலிருந்து இரு பக்கமும் நகர்த்தியபடி முன்னும் பின்னும் உருட்டி, பிரித்து, கால் வட்டம் திருப்பி மறுபடி சுற்றுவார்கள். மரக்கடையில் 2 செ.மீ. கனமுள்ள உருண்டைக் கட்டையை 60 செ.மீ. நீளத்துக்கு அறுத்து வாங்கி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அதே வேலை நடக்கும். ஒட்டாமலிருக்க வெள்ளைச் சோளமாவு (கார்ன்ஃபிளார்) தூவுங்கள். கோதுமை மாவைத் தூவினால் அதையும் மாவு இழுத்துக்கொண்டு விறைக்கும்.

சப்பாத்திக் கட்டை மட்டும்தான் இருக்கிறது என்றால் ஒரு குறுக்கு வழி உண்டு. அடிக்கான 300 கிராமை மூன்று உருண்டையாக்கி, ஒவ்வொன்றையும் உள்ளங்கை அகலத்துக்குத் தேய்த்து, நடுநடுவே எண்ணெய் தாராளமாகத் தடவி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள். 20 நிமிடம் ஃபிரிட்ஜில் வைத்து, பிறகு அடுக்கை மொத்தமாக 40 செ.மீ.க்குத் தேய்த்தால் உள்ளே மூன்று தகடும் தனித்தனியாகவே இருக்கும். மேலுக்கும் அப்படியே.

முதல் தகடு தட்டின் பக்கச்சுவரில் ஏறி வெளியே இரண்டு செ.மீ. தொங்க வேண்டும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் தடவி இரண்டாவதை விரிக்கவும். இந்த எண்ணெய்ப் படலம் தகடுகளைப் பிரிப்பதோடு தண்ணீருக்கும் ஓர் அணை. கிழிந்த தகடு இருந்தால் இங்கே, இரண்டாவதாக வைத்துவிடுங்கள். அதன்மேல் காய்ந்த கோதுமை ரவை ஒரு மேசைக்கரண்டி தூவவும். முதலில் கசிவதை இது குடித்துக்கொள்ளும்.

உள்ளடக்கத்தைக் கடைசி நிமிடத்தில்தான் கலக்க வேண்டும். பிழிந்த கீரை, வெங்காயத்தாள், சதகுப்பை, புல்கர், மிளகு, மூன்று கரண்டி எண்ணெய் எல்லாவற்றையும் முதலில் புரட்டி, ஃபெட்டாவைக் கடைசியில் உதிர்த்து இரண்டு புரட்டு. பாதாம் அளவுக் கட்டிகள் தெரிய வேண்டும். கலந்து வைத்துவிட்டு மாவு தேய்க்கப் போனால், ஃபெட்டாவின் உப்பு கீரையிலிருந்து இன்னொரு சுற்றுத் தண்ணீரை இழுத்துவிடும். பரப்பும்போது அழுத்தாதீர்கள். இரண்டு செ.மீ. உயரம் போதும். மிச்சம் இருந்தால் மறுநாள் அடைமாவில் போட்டுக்கொள்ளலாம், பிட்டாவில் திணிக்க வேண்டாம்.

மேல் தகடுகளை நடுவே எண்ணெய் தடவி மூடி, தொங்கும் ஓரத்தை உள்பக்கமாகச் சுருட்டிக் கயிறுபோல மடிக்கவும். பிறகு கூர்மையான கத்தியால் எட்டு அல்லது பத்துத் துண்டாகக் கீற வேண்டும். மேல் இரண்டு தகடு மட்டும் வெட்டுப்படட்டும், கத்தி அடியைத் தொடக்கூடாது. அழகுக்காகப் போடுவதாகச் சிலர் நினைத்துச் சுட்டபிறகு வெட்டுகிறார்கள். ஆவி போக வழி இது ஒன்றுதான். கீறாத பிட்டா அடுப்பில் பந்துபோல் உப்பும், வெளியே வந்ததும் அமுங்கும், உள்ளே அடைபட்ட ஆவி தண்ணீராகிக் கீழே போகும்.

அடுப்பு

ஓடிஜியை 220 டிகிரியில் 20 நிமிடம் முன்சூடாக்குங்கள். கீழ்த்தட்டில் ஒரு கனமான இரும்புத் தோசைக்கல்லையோ தட்டையோ வைத்தே சூடாக்க வேண்டும். காஸ்த்ராவின் சூடான தரைக்கு மாற்று அதுதான். பிட்டாத் தட்டை நேரே அந்த இரும்பின்மேல் வைத்து, கீழ்க்கம்பி மட்டும் எரியும்படி 15 நிமிடம். பிறகு இரண்டு கம்பியும் எரிய 190 டிகிரியில் 35 முதல் 40 நிமிடம். வீட்டு ஓடிஜிகளின் திருகில் காட்டும் எண்ணும் உள்ளே இருக்கும் சூடும் 20 டிகிரி வரை வேறுபடுவது சாதாரணம். ஒரு அடுப்பு வெப்பமானி வாங்கி உள்ளே தொங்கவிட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

வெந்ததற்கு நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். கையுறை போட்டுத் தட்டை இடவலமாக ஆட்டினால் பிட்டா மொத்தமாக, ஒரே துண்டாகத் தட்டில் வழுக்க வேண்டும். ஓரம் தட்டிலிருந்து நூலளவு விலகியிருக்கும். கீறல்களில் முதலில் நுரைத்துக் கொதித்த நீர் அடங்கி, எண்ணெய் மட்டும் மினுக்கும். மேலே சிவந்தும் அடி வழுக்கவில்லை என்றால், உலோகத் தட்டாக இருந்தால், காஸ் அடுப்பில் சிறுதீயில் வைத்து மூன்று நான்கு நிமிடம் மெல்லச் சுழற்றுங்கள். கன்வெக்ஷன் மைக்ரோவேவில் சுடுபவர்கள் எப்போதுமே இதைச் செய்ய வேண்டியிருக்கும். அதில் கீழ்ச்சூடு குறைவு.

எடுத்ததும் கம்பி வலைமேல் தட்டை வைத்து 30 நிமிடம் ஆறவிடவும். மூடக்கூடாது, துணிகூடப் போடக்கூடாது. அடங்குவதற்குமுன் வெட்டினால் புல்கர் இன்னும் குடித்து முடிக்காத நீர் துண்டிலிருந்து ஒழுகும். அரை மணிக்குப்பின் அதே துண்டு காய்ந்திருக்கும். கீரை பச்சை போய் ஆலிவ் நிறமாகியிருக்கும், ஃபெட்டாவின் புளிப்பும் சூடும் பச்சையத்தை அப்படித்தான் மாற்றும். அதைத் தடுக்கச் சமையல் சோடா போட்டால் கீரை வழவழத்துப் போகும்.

அப்படியும் கோளாறு வந்தால் துண்டைப் பார்த்தே சொல்லிவிடலாம். அடி முழுக்க ஒரே சீராக நனைந்திருந்தால் கீரை பிழியப்படவில்லை, அல்லது தானியம் முழுக்க வெந்து போயிருக்கிறது. ஓரம் முறுகி நடு மட்டும் நனைந்திருந்தால் கீழ்ச்சூடு போதவில்லை. அடி நன்றாக இருந்து மேல் தகட்டின் உள்பக்கம் கொழகொழத்தால் கீறல் போதவில்லை, அல்லது சூடாக இருக்கும்போதே மூடியிருக்கிறீர்கள். உள்ளடக்கம் உதிர்ந்து கொட்டினால் தானியம் அதிகம். 80 கிராமை 60 ஆக்குங்கள். தின்றபின் பல்லில் ஒரு சொரசொரப்பு நிற்பது பாலக்கின் ஆக்ஸாலிக் அமிலத்தால். அது கோளாறு அல்ல, சிறுகீரைப் பங்கைக் கூட்டினாலும் பெரிதாகக் குறையாது. அதற்கும் அந்தக் குணம் உண்டு.

மாவு தேய்க்கவே மனமில்லாத நாளுக்கு எபிரஸிலேயே ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பிளத்சரியா என்பது அதன் பெயர். தகடே கிடையாது, மக்காச்சோள ரவைதான் மேலும் கீழும். 250 கிராம் மக்காச்சோள ரவையில் அரை டீஸ்பூன் உப்பும் மூன்று மேசைக்கரண்டி எண்ணெயும் விரவி, 150 மில்லி வெந்நீர் தெளித்துப் புட்டு மாவுப் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். பாதியை எண்ணெய் தடவிய தட்டில் தூவி லேசாக அமர்த்தி, அதே கீரைக் கலவையைப் பரப்பி, மீதியைத் தூவி, மேலே அரைக் கப் பாலும் இரண்டு கரண்டி எண்ணெயும் தெளித்து, 200 டிகிரியில் 50 நிமிடம். இங்கே கீரையை அவ்வளவு கடுமையாகப் பிழிய வேண்டியதில்லை. மக்காச்சோள ரவைக்கே தண்ணீர் தேவை, புல்கரும் வேண்டாம். ரொம்பப் பிழிந்தால்தான் இது வறண்டு நெஞ்சை அடைக்கும். சோளமாவு என்று கடையில் வெள்ளையாக விற்பதை வாங்கிவிடாதீர்கள், மஞ்சள் நிறக் குருணைதான் வேண்டும்.

மீந்த பிட்டா ஃபிரிட்ஜில் மூன்று நாள் தாங்கும். மைக்ரோவேவில் சூடாக்கினால் மாவு ரப்பராகும்; தோசைக்கல்லில் எண்ணெய் விடாமல், மூடாமல், சிறுதீயில் ஏழெட்டு நிமிடம் வைத்தால் அடி மறுபடி மொறுமொறுக்கும். சுடாத பிட்டாவைக் கீறல் போட்டு அப்படியே ஃபிரீசரிலும் வைக்கலாம். எடுத்து உருகவிடாமல், உறைந்தபடியே அடுப்பில் ஏற்றி 20 நிமிடம் கூடுதலாகச் சுடுங்கள். கண்ணாடித் தட்டில் மட்டும் இதைச் செய்யாதீர்கள், வெடித்துவிடும்.